சித்தப்பாவைப் புள்ளடி போட வைப்பது எப்படி?

ஜனாதிபதித் தேர்தல் வந்ததும் வேட்பாளர்களைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் அனுபவமில்லாதவர்கள். இலங்கையில் வேட்பாளருக்கு ஒருபோதும் தட்டுப்பாடு வந்ததில்லை. 2019இல் 35 பேர் நின்றார்கள். 2024இல் 39 பேரின் வேட்புமனுக்கள் ஏற்கப்பட்டன, அதில் ஒரு பெண்கூட இல்லை. தட்டுப்பாடு வாக்காளருக்குத்தான். 2024 செப்டம்பர் 21 அன்று இடாப்பில் பெயர் இருந்தவர்கள் 1 கோடியே 71 இலட்சத்துச் சொச்சம் பேர். அவர்களில் 35 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாக்களிப்பு நிலையத்தின் படலையைத் தாண்டவில்லை. அந்தத் தேர்தலில் மூன்றாவதாக வந்த ரணில் விக்கிரமசிங்கவுக்குக் கிடைத்தது 23 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வராதவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு கட்சி தொடங்கியிருந்தால் மூன்றாம் இடம் அவர்களுக்குத்தான்.

வராதவர்களில் ஒரு பகுதியினர் வெளிநாட்டில் இருப்பவர்கள். அங்கிருந்து வாக்களிக்க இலங்கைச் சட்டத்தில் வழியில்லை, எனவே அவர்களை விட்டுவிடுவோம். மிச்சப் பேரில் ஒருவர் உங்கள் வீட்டு விறாந்தையில், சாய்மனைக் கதிரையில், பத்திரிகையால் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருக்கிறார். அவரைச் சித்தப்பா என்று அழைப்போம். உங்கள் வீட்டில் அவர் மாமாவாகவோ அண்ணியாகவோ இருக்கலாம், முறை ஒன்றுதான். போட்டி இறுக்கமாக இருக்கும் ஒரு தேர்தலில் அவரை எழுப்பி, சட்டை போடவைத்து, வாக்களிப்பு நிலையம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியைக் கீழே தருகிறேன்.

முதலில் நோயை அறிதல்

எல்லாச் சித்தப்பாக்களுக்கும் ஒரே மருந்து சரிவராது. அவர் சொல்லும் முதல் வசனத்தைக் கவனியுங்கள்.

"ஆர் வந்தாலும் எங்களுக்கு ஒண்டுதான், தம்பி" என்று தொடங்கினால் அது பரவலான வகை. வாதாட வேண்டாம். வாதாடினால் அவர் டட்லி காலம் வரை பின்னோக்கிப் போவார், நீங்கள் திரும்பி வருவதற்குள் வாக்களிப்பு முடிந்துவிடும். அவருடைய வெங்காயத் தறையைப் பற்றி மட்டும் விசாரியுங்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதி ஒரே அடியில் நிறுத்தப்பட்டபோது என்ன விளைந்தது என்று கேளுங்கள். அடுத்த வருடம் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் எத்தனை மணித்தியாலம் வரிசையில் நின்றார் என்று கேளுங்கள். அவராகவே அரை மணித்தியாலம் பேசுவார். நிறைவேற்று அதிகாரம் என்பதைப் பற்றி நீங்கள் எடுக்கக்கூடிய எந்த வகுப்பையும்விட அந்தப் பேச்சு விளக்கமாக இருக்கும். 1978 யாப்பு ஒரு மனிதரின் பேனாவுக்குக் கொடுத்த பலம் அவருடைய தறை வரை வந்துதான் நின்றது.

அதற்கும் அசையவில்லை என்றால் மிருசுவிலை நினைவுபடுத்துங்கள். 2000 டிசம்பரில் அங்கே எட்டுத் தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். வழக்கு பதினைந்து வருடம் இழுபட்டு 2015இல் ஒரு இராணுவத்தினருக்குத் தண்டனை கிடைத்தது. உயர் நீதிமன்றமும் 2019இல் அதை உறுதிப்படுத்தியது. 2020 மார்ச்சில் ஜனாதிபதியின் பொதுமன்னிப்பில் அவர் வெளியே வந்தார். நீதிமன்றம் இருபது வருடத்தில் கட்டியதை ஒரு கையெழுத்து ஒரு நாளில் அவிழ்த்தது. இந்த இடத்தில் மட்டும் பகிடி விட வேண்டாம். சித்தப்பாவும் விடமாட்டார்.

"என்ர ஒரு வோட்டால என்ன வந்திடப்போகுது" என்பது இரண்டாவது வகை. இவர் தன்னடக்கம் உள்ளவர்போலத் தெரிவார், உண்மையில் கணக்கில் மட்டம். இவருக்கு எண்கள்தான் மருந்து, தேத்தண்ணியோடு கொடுக்கலாம்.

இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் மற்றவரைவிடக் கூட எடுத்தால் மட்டும் போதாது. செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் எண்ணிக்கை. 2005 நவம்பரில் மகிந்த ராஜபக்ச எடுத்தது 48,87,152 வாக்குகள், அதாவது 50.29 வீதம். ரணிலைவிட 1,80,786 கூட. ஆனால் பாதிக் கோட்டை அவர் தாண்டியது வெறும் 28,600 சொச்சத்தால்தான். மற்றவர்களுக்கு இன்னும் 57,000 சொச்சம் வாக்குகள் விழுந்திருந்தாலே இரண்டாம் எண்ணிக்கைக்குப் போயிருக்கும். அதே தேர்தலில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் மட்டும் 1,09,869. வாக்களிப்பு நிலையம் வரை மினக்கெட்டுப் போய், பிழையாகக் கீறிவிட்டு வந்தவர்கள் இவர்கள்.

வாக்கு எண்ணிக்கையில் 1988 இதைவிட நெருக்கம். பிரேமதாச 50.43 வீதம் எடுத்தார், பாதிக்கு மேலே இருந்தது கிட்டத்தட்ட 21,800 வாக்குகள். வாக்களித்தவர்கள் இடாப்பில் இருந்தவர்களில் 55 வீதம்தான். தெற்கில் வாக்களிக்கப் போனால் உயிர் போகும் என்று ஜே.வி.பி. மிரட்டியிருந்த காலம் அது. வாக்குச் சீட்டின் பலத்தை நம்பாதவர்கள் வேறு யாரும் இருந்தால் அவர்களுக்கு இதையும் சொல்லுங்கள்: அதே கட்சி, 36 வருடம் கழித்து, சீட்டுகளை ஒவ்வொன்றாக எண்ண வைத்துத்தான் ஜனாதிபதிப் பதவிக்கு வந்தது.

பகிஷ்கரிப்புச் சித்தப்பா

மூன்றாவது வகையைக் கையாளுவதற்கு வாசிப்பு வேண்டும், ஏனென்றால் இவர் வாசித்தவர். "சிங்களத் தலைவர்மாரைத் தெரிவு செய்யிற தேர்தலில எங்களுக்கு என்ன வேலை" என்பார். பெரும்பாலும் அவர் சொல்லும் காரணங்கள் பொய்யல்ல. அவரை முட்டாள் என்று நினைத்துக்கொண்டு போனால் நீங்கள்தான் வெட்கப்பட்டு வருவீர்கள்.

யாழ்ப்பாணத்துக்கும் பகிஷ்கரிப்புக்கும் உள்ள உறவு சர்வசன வாக்குரிமையின் வயதை உடையது. 1931இல் டொனமூர் யாப்பின் கீழ் முதற் தடவையாக ஆணும் பெண்ணும் வாக்களிக்க வந்த அரசாங்க சபைத் தேர்தலையே யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிக்கச் சொன்னது. பூரண சுயராச்சியம் தராத யாப்பு எங்களுக்கு வேண்டாம் என்பது வாதம். நல்ல வாதம், இளைஞர்களின் நேர்மையான வாதம். தெற்கில் இருப்பவர்களும் கூட வருவார்கள் என்று நம்பினார்கள், அவர்கள் வரவில்லை. வடக்கின் நாலு ஆசனங்கள் காலியாகக் கிடந்தன. 1934இல் இடைத்தேர்தல் வைத்துத்தான் நிரப்பினார்கள். அந்த இடைவெளியில் கொழும்பில் அரசாங்க சபை கூடியது, பேசியது, முடிவெடுத்தது. நாலு வெறுங்கதிரைகளைப் பார்த்து எவரும் கூட்டத்தை ஒத்திவைக்கவில்லை.

பிறகு 2005. விடுதலைப் புலிகளின் பக்கமிருந்து வந்த பகிஷ்கரிப்புக்குப் பிறகு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 7,01,938 பேரில் வாக்களித்தவர்கள் 8,524 பேர், 1.21 வீதம். இதை ஒரு சுதந்திரமான தீர்மானம் என்று சொல்ல நான் தயாரில்லை. தெருவில் இறங்கப் பயந்து வீட்டில் இருந்தவர்களும் அதற்குள் இருக்கிறார்கள், இடாப்பில் பெயர் மட்டும் மிஞ்சி ஊரைவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நாடு முழுவதும் பாதிக் கோட்டுக்கும் வெற்றிக்கும் நடுவே இருந்தது 28,600. இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிச் சித்தப்பாவிடம் காட்டுங்கள். போயிருந்தால் யாருக்குப் போட்டிருப்பார்கள் என்று கேட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம், அது வேறு விவாதம். வீட்டில் இருந்தவர்களின் கணக்கும் முடிவில் ஏறியது, அவர்களைக் கேட்காமலே ஏறியது என்பதை மட்டும் பார்க்க வைத்தால் போதும்.

உடனே எழுந்து சட்டை போடமாட்டார். "அப்ப என்ர எதிர்ப்பை எப்படிக் காட்டுறது?" என்பார். இந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 2024இல் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்ற அரியநேத்திரனுக்கு 2,26,343 வாக்குகள் விழுந்தன. அதை வெற்றி என்பவரும் உண்டு, வீண் வேலை என்பவரும் உண்டு. நான் அந்தச் சண்டைக்குள் போகவில்லை. ஆனால் அந்த எதிர்ப்பை எண்ண முடிந்தது. சாய்மனைக் கதிரையில் படுத்திருந்த எதிர்ப்பை எந்தக் கச்சேரியிலும் எண்ணமாட்டார்கள், அது மாரடைப்பு வந்தவரோடும் மறந்துபோனவரோடும் ஒரே கணக்கில் சேரும்.

அதைவிட நல்ல செய்தி ஒன்று அவருக்காக வைத்திருக்கிறேன். அதே சீட்டில் 1 என்று எதிர்ப்பைக் காட்டிவிட்டு, 2 என்று ஆளையும் தெரிவு செய்யலாம்.

1, 2, 3

இந்தப் பகுதியைக் கட்சிக்காரர்கள் சொல்லித் தரமாட்டார்கள். "எங்கட சின்னத்துக்கு மட்டும் போடுங்கோ" என்பதோடு அவர்களுடைய வகுப்பு முடிந்துவிடும். இரண்டாவதாக யாருக்குப் போடுவது என்று பேசினால், முதலாவது தோற்கலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே!

விசயம் இலகுவானது. ஒருவருக்கு மட்டும் போடுவதென்றால் ஒரு புள்ளடி அல்லது 1. விருப்பு வாக்கும் போடுவதென்றால் 1, பிறகு இன்னொருவருக்கு 2, இன்னும் மனமிருந்தால் வேறொருவருக்கு 3. முதல் எண்ணிக்கையில் எவரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெளியே. வெளியே போனவர்களின் சீட்டுகளை மறுபடி எடுத்து, அந்த இருவரில் யாருக்காவது 2 அல்லது 3 இருக்கிறதா என்று பார்த்துச் சேர்ப்பார்கள்.

1982இல் தொடங்கி எட்டுத் தேர்தல்களில் இதற்கு அவசியமே வரவில்லை. 2024இல்தான் முதற் தடவையாக வந்தது. அனுர குமார திசாநாயக்க 42.31 வீதம், சஜித் பிரேமதாச 32.76 வீதம். ஞாயிற்றுக்கிழமை அலுவலர்கள் மற்றவர்களின் சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தார்கள். வெளியே போனவர்களின் சீட்டுகள் 33 இலட்சத்துச் சொச்சம். அவற்றிலிருந்து அனுரவுக்குச் சேர்ந்தது 1,05,264, சஜித்துக்கு 1,67,867. இரண்டையும் கூட்டினால் 2,73,131. மிச்ச 30 இலட்சம் சீட்டுகளும் அந்த இருவரைப் பற்றி வாய் திறக்கவில்லை. பத்தில் ஒன்பதுக்கு மேல் ஊமைச் சீட்டு!

அந்த முறை வித்தியாசம் பெரியது, அதனால் ஊமைச் சீட்டுகள் முடிவை மாற்றவில்லை. 2005 மாதிரி ஒரு தேர்தலில் இது நடந்திருந்தால் அந்த 30 இலட்சத்தில் ஒரு சிறு துண்டு போதும், ஜனாதிபதி மாறிவிடுவார். என்னைக் கேட்டால் இந்த நாட்டு வாக்காளர் மிகக் கூடுதலாக வீணாக்குவது இந்த 2ஐத்தான். இத்தனைக்கும் இரண்டாவது வைத்தியரிடம் காட்டாமல் ஒரு ஊசி போடாதவர்கள் நாங்கள். இரண்டாவது சாத்திரியிடம் பொருத்தம் பார்க்காமல் பெட்டையைக் கட்டிக் கொடுக்காதவர்கள்.

சித்தப்பாவுக்குப் பயிற்சி கொடுப்பதற்குப் பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கம் போதும். நீளமான தாளாக எடுங்கள், 2019இல் வந்த சீட்டு இரண்டு அடியையும் தாண்டியது. செய்யக்கூடாதவற்றையும் சொல்லிக்கொடுங்கள்: இரண்டு பேருக்குப் புள்ளடி போடக்கூடாது, 1 இல்லாமல் 2ஐ மட்டும் எழுதக்கூடாது, தன் பெயரையோ கையெழுத்தையோ வைக்கக்கூடாது. எல்லாரும் கள்ளர் என்று கரையில் எழுதி வைக்கவும் வேண்டாம். அதை வாசிக்கப்போவது எண்ணுகிற அலுவலர் மட்டும்தான், அவருக்கு அது ஏற்கெனவே தெரியும். 2024இல் இப்படிப் பல விதமாகப் பழுதாகி நிராகரிக்கப்பட்டவை 3,00,300.

தொலைபேசித் தொல்லை

வாக்களிப்பு நாளில் எதிர்பாராத தடை ரொறன்ரோவிலிருந்து வரும். இங்கே காலை ஏழு மணிக்கு வாக்களிப்புத் தொடங்கும்போது அங்கே முதல் நாள் இரவு ஒன்பதரை. சாப்பாடு முடிந்து, அண்ணருக்கு ஓய்வான நேரம். வட்ஸ்அப்பில் வந்து யாருக்குப் போட வேண்டும், ஏன் போட வேண்டும், போடாவிட்டால் தமிழினம் என்ன ஆகும் என்று விளக்குவார். அவருக்கு இங்கே வாக்கில்லை, இருந்தாலும் அங்கிருந்து போட வழியில்லை, அதனாலேயே தெளிவு கூடுதலாக இருக்கும். பணிவோடு கேளுங்கள், "ஓம் அண்ணை" என்று மூன்று தரம் சொல்லுங்கள், மிச்சத்தைப் பின்னேரம் கதைப்போம் என்று வையுங்கள். புள்ளடி போட்டதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வாக்களிப்பு நிலையத்துக்குள் கைத்தொலைபேசிப் படம் சட்டப்படி குற்றம்.

கொழும்பில் வேலை செய்யும் மருமகன் "லீவு தரமாட்டினம்" என்றால் அதையும் நம்ப வேண்டாம். தனியார் துறையினருக்கும் சம்பளத்தோடு வாக்களிக்க விடுமுறை கொடுக்க வேண்டும். 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேலே இரண்டு நாள். வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் எந்தக் கணக்கிலும் 150க்கு மேலேதான். எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

அந்த நாள்

சித்தப்பா பஞ்சாங்கம் பார்ப்பவராக இருந்தால் சண்டை வேண்டாம், நீங்களும் பாருங்கள். 2019இலும் 2024இலும் தேர்தல் சனிக்கிழமையில்தான் வந்தது. சனிக்கிழமை இராகு காலம் ஒன்பது முதல் பத்தரை, எமகண்டம் ஒன்றரை முதல் மூன்று. ஆக ஏழிலிருந்து ஒன்பதுக்குள் வேலையை முடிப்பது சாத்திரப்படியும் நல்லது, வெயிலுக்கும் நல்லது, பின்னேரம் மழை வந்தாலும் பயமில்லை.

வாக்காளர் அட்டை தபாலில் வரவில்லை என்பது அவருடைய கடைசிச் சாட்டு. அட்டை இல்லாவிட்டாலும் பெயர் இடாப்பில் இருந்தால் வாக்களிக்கலாம். வேண்டியது தேசிய அடையாள அட்டை, அல்லது கடவுச்சீட்டு, அல்லது சாரதி அனுமதிப்பத்திரம், அல்லது ஓய்வூதிய அடையாள அட்டை. இந்த நாலில் ஒன்று அலுமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று சித்தியிடம் முதல் நாளே கேட்டு வையுங்கள். தேர்தல் நாள் காலையில் தேடத் தொடங்கினால் 1974ஆம் ஆண்டுக் கலியாணப் படம் அகப்படும், பிறகு ஒருவரும் எங்கேயும் போகமாட்டீர்கள்.

ஓட்டோவில் ஏறிய பிறகு அரசியல் கதைக்காதீர்கள். யாருக்குப் போடப்போகிறார் என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் அவர் உங்கள் ஆளுக்கு நேர் எதிரானவருக்குத்தான் போடுவார், உங்களுடைய வாக்கும் அவருடையதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். பரவாயில்லை, கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் ஆளுக்குப் போடுபவரை மட்டும் ஏற்றிப்போவதென்றால் அதற்குக் கட்சி வாகனங்கள் இருக்கின்றன, அதற்கு இந்த வழிகாட்டி எதற்கு?

அவர் உள்ளே போனதும் வெளியே மர நிழலில் நில்லுங்கள். இரண்டு அடி நீளச் சீட்டு, முப்பதுக்கு மேற்பட்ட பெயர், கண்ணாடியை வீட்டில் விட்டு வந்திருப்பார், நேரம் எடுக்கும். அவசரப்படுத்தக்கூடாது.

இவ்வளவுக்கும் ஒரே ஒரு முன்நிபந்தனை உண்டு, அதை ஆறுதலாகச் செய்ய முடியாது. வாக்காளர் இடாப்பு ஒவ்வொரு வருடமும் திருத்தப்படுகிறது. கல்யாணம் செய்து வேறு வீடு போன மகளும், பதினெட்டு முடிந்த பேரனும், வாடகை வீடு மாறிய நீங்களும் அந்தத் திருத்தத்தில்தான் உள்ளே வருகிறீர்கள், அல்லது விடுபடுகிறீர்கள். தேர்தல் அறிவித்த பிறகு ஓடிப்போய்ச் சேர்க்க முடியாது. இந்த வாரத்திலேயே ஜீ.எஸ். அலுவலகத்துக்குப் போய், உங்கள் வீட்டில் யார் யாருடைய பெயர் இடாப்பில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். சித்தப்பாவின் பெயரை முதலில் பாருங்கள்.